பெரட்டுக்குப் பழகிய நாக்கு

பொன்னுத்தாய்க்கு இடுப்பு நிமிரவில்லை. களத்துமேட்டிலிருந்து சேரிக்கு வருகிற வரப்பில் ஒரு கையை முட்டியில் ஊன்றிக்கொண்டுதான் வந்தாள். தை பிறந்ததிலிருந்து அறுப்பு. காலையில் அரிவாளோடு குனிந்தால் வெயில் உச்சிக்கு வருகிறவரை குனிந்தபடிதான். அதற்கப்புறம் கட்டுக் கட்டித் தலையில் தூக்கிக் களம் சேர்க்க வேண்டும். வலி முதலில் இடுப்பில் முளை அடித்த மாதிரி ஓரிடத்தில் நிற்கும். பொழுது சாய்ந்தால் தொடை வழியாக இறங்கிக் குதிகாலில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

குடிசைக்குள் நுழைந்தவள் அப்படியே குப்புறப் படுத்துவிட்டாள். அண்ணி காளியம்மாள் பார்த்துவிட்டு எழுந்தாள். மலாயாவிலிருந்து கொண்டு வந்த தகரப் பெட்டியைத் திறந்து, அடியில் கிடந்த கோடாலித் தைலத்தை எடுத்து வந்து பக்கத்தில் குந்தினாள்.

“சீலையத் தளத்து.”

“எரியுமே அண்ணி.”

“எரிஞ்சாத்தான் கேக்கும். சும்மா கெட.”

எரிந்தது. பொன்னுத்தாய் பல்லைக் கடித்துக்கொண்டு, “ஒங்க ஊர்ல இடுப்பு வலிக்காதா?” என்றாள்.

“எங்க ஊர்ல கழுத்து. இருட்டுலயே நெத்தில வெளக்கக் கட்டிக்கிட்டு ஒவ்வொரு ரப்பர் மரமா ஓடி ஓடிச் சீவணும். பட்டையை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. அப்புறம் ரெண்டு கையிலயும் பால் வாளி. தோள்பட்டை கழண்டு தனியாத் தொங்கும்.”

“அப்ப எந்த ஊருக்குப் போனாலும் ஒடம்பு ஒடம்பா இருக்காதுன்னு சொல்லு.”

“வலிக்கிற எடந்தான் வேற.” காளியம்மாள் கட்டைவிரலால் முதுகுத்தண்டின் ஓரமாக அழுத்திக்கொண்டே போனாள். “ஆனா அங்க வலிச்சா டிரெஸருன்னு ஒருத்தன் இருப்பான். மாத்திரை குடுப்பான். வெள்ளைத் துரை போட்ட தண்ணிக்குழாய் நாங்க குடியிருந்த லயத்துக்கு லயம் இருக்கும். இங்க நீங்க மாடு குளிப்பாட்டுற வாய்க்கால்ல தண்ணி மோந்து குடிக்கிறீங்க. எனக்கு மொத நாளு வயித்தப் புரட்டிச்சு.”

“இப்பப் புரட்டலையே?”

“பழகிப் போச்சு. எல்லாம் பழகித் தொலையுது.”

காளியம்மாள் மலாயாவில் கெடா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். இந்தியாவை அவள் பார்த்தது போன ஐப்பசியில், கொட்டுகிற மழையில், நாகப்பட்டினத்தில் கப்பலை விட்டு இறங்கியபோதுதான். கோலாலம்பூரில் கலவரம் நடந்த பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கெல்லாம் வேலைக்குப் பர்மிட் வேண்டும் என்று அந்தச் சர்க்கார் சொல்லிவிட்டது. அவளுக்கும் புருஷனுக்கும் சிவப்பு அட்டை, குடியுரிமை இல்லை. பர்மிட் தீர்ந்தது, புதுப்பிக்கவில்லை. காளியம்மாள் அந்த மண்ணிலேயே பிறந்தவள் என்பதற்கு எழுத்தில் ஒன்றும் கிடையாது. ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்து ஆபீஸ் எரிந்தபோது அந்தப் பதிவும் எரிந்துபோயிற்று. மகளுக்கு மட்டும் குடியுரிமை உள்ள நீல அட்டை. அவளைச் சுங்கைப்பட்டாணியில் கட்டிக் கொடுத்துவிட்டு, தகரப் பெட்டியோடு கப்பல் ஏறினார்கள்.

பொன்னுத்தாயின் அண்ணன் இளையபெருமாளுக்கு இது திரும்பி வருவது. ஜப்பான்காரன் சண்டை முடிந்து மூன்றாம் வருஷம் இந்தக் கோரைக்குடியை விட்டு ஓடினவர். மடையை அடைக்க மறந்ததற்காகப் பண்ணையில் மரத்தில் கட்டிவைத்து, சாணிப்பால் கரைத்து வாயில் ஊற்றினார்கள். மறுநாள் விடியும்போது ஆள் இல்லை. அப்பன் செத்தபோது வரவில்லை. தங்கச்சிக்குக் கல்யாணம் நடந்தபோது வரவில்லை. வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த துரைக்கண்ணு வாந்திபேதி கண்டு, திருவாரூர் ஆஸ்பத்திரிக்குக் கட்டை வண்டியில் கொண்டு போகிற வழியிலேயே முடிந்து போனபோதும் வரவில்லை. இப்போது தலை நரைத்து வந்திருக்கிறார். வந்த நாளிலிருந்து வாயைத் திறந்தால் மலாயாதான்.

“அங்க சம்பள நாள்னா கோழிதான்” என்பார். “மாசம் ஒரு தரம் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவான்” என்பார். “யூனியன்காரன் வந்தா மானேஜரே நாற்காலி போடுவான்” என்பார். அடுத்த குடிசை ராமாயி அதற்கெல்லாம் பதில் வைத்திருந்தாள்.

“ஏண்ணே, மலாயாவுல காக்காகூட வெள்ளையா இருக்குமாமே?”

“சிரி, சிரி. நீ போயிருந்தா திரும்பியே வந்திருக்க மாட்ட.”

“நீங்க மட்டும் என்னாத்துக்கு வந்தீங்களாம்?”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் பக்கம் போய்விடுவார்.

குடிசை பண்ணை நிலத்தில் இருந்தது. சேரியின் எல்லாக் குடிசைகளும் அப்படித்தான். மிராசுதார் துரைராசுவின் தாத்தா காலத்தில், வேலைக்கு ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று திடலில் குந்தவைத்த குடிகள். வேலை செய்கிறவரை இருக்கலாம். முறைத்தால் கூரையைப் பிரித்துக்கொண்டு போக வேண்டும். கூரை மட்டும்தான் குடியின் சொத்து, தரை பண்ணையின் சொத்து. பொன்னுத்தாய் இரண்டு புயலில் விழுந்த அந்தச் சுவரைத் தன் கையால் மண் மிதித்து எழுப்பியிருக்கிறாள். மகளை அங்கேதான் பெற்றாள், அங்கேயிருந்துதான் வலங்கைமான் பக்கம் கட்டிக் கொடுத்தாள். அப்படியும் அதை என் வீடு என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. யாராவது கேட்டால், “பண்ணைத் திடல்ல இருக்கோம்” என்பாள். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். அது மரியாதை.

அந்த வருஷம்தான் சர்க்கார் சட்டம் போட்டது. குடியிருக்கிறவனுக்கே மனை சொந்தம் என்று. கொடி கட்டுகிற இராஜாங்கம் சேரிக்கு வந்து, சைக்கிளை விட்டு இறங்காமலே ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு விளக்கினான். அவன் விவசாயத் தொழிலாளர் சங்கத்து ஆள். அரைப்படி கூலி நெல் கூடக் கேட்டதற்கு ஜெயிலுக்குப் போய் வந்தவன்.

“போன ஆனி மாசம் ஒரு தேதி குறிச்சிருக்காங்க. அன்னைக்கு யாரு குடியிருந்தாங்களோ அவங்களுக்கு. வியாழக்கிழமை ஆபீசர் வராரு. வீடு வீடாக் கேப்பாரு. வாயத் தொறந்து பேரைச் சொல்லுங்க. ‘நான் இன்னாரு, இது என் வீடு’. அவ்வளவுதான். இதுக்கு மேல நான் என்னா பண்றது, நாக்கையா கழட்டித் தர முடியும்?”

புதன்கிழமை பண்ணை ஏஜெண்டு தியாகராசன் வந்தார். அவர் சைக்கிளை விட்டு இறங்கினார். குடையை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டு, பிள்ளைகுட்டிகளையெல்லாம் விசாரித்தார்.

“ஆபீசர் வந்தா உள்ளதைச் சொல்லுங்க. பண்ணை மனை, ஐயா இருக்கச் சொன்னாரு, இருக்கோம். அதுல பொய் ஒன்னும் இல்லையே? அப்புறம் உங்க இஷ்டம். மனை வேணும்ங்கறவன் மனையை வச்சுக்க. வேலைக்குக் கீழத்தஞ்சையில ஆளுக்கா பஞ்சம்? லாரி வச்சுக் கொண்டு வந்து எறக்குவோம்.”

அவர் போனதும் எல்லாரும் அவரவர் குடிசைக்குள் நுழைந்துகொண்டார்கள்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் பேச்சு வந்தது. இளையபெருமாள்தான் எடுத்தார்.

“எம் பேரையே சொல்லிடலாம் பொன்னு. ஆம்பளை ஒருத்தன் இருக்கறப்ப பொம்பளை பேரைச் சொன்னா எடுபடாது.”

“ஆனி மாசம் இருந்தவங்கன்னு சொன்னாங்களே அண்ணே.”

“அதெல்லாம் எவன் பாக்கப் போறான்? அப்பன் கட்டின வீடு. மூத்தவன் நான். எம் பேருல இருந்தா ஒனக்கு இல்லேன்னா ஆயிடும்? ஒன்னைத் தொரத்தவா போறேன்?”

பொன்னுத்தாய் உலையைக் கிண்டினாள். தொரத்த மாட்டார்தான். ஆனால் அவர் மகளும் மருமகனும் நாளைக்கே கப்பலில் வந்து இறங்கினால், இந்த ஓரடுப்பில் யாருக்கு இடம் என்று அவளுக்குத் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. இத்தனை வருஷம் கழித்து வந்த அண்ணன். “சரிண்ணே” என்றாள். காளியம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை ஆபீசர் ஜீப்பில் வந்தார். சின்ன வயசு, கண்ணாடி போட்டிருந்தார். கூட ஒரு குமாஸ்தா, எழுதுவதற்கு அட்டையும் கையுமாக. அவர்களுக்கு நிழல் பிடிக்கிற மாதிரிக் குடையை விரித்துக்கொண்டு ஏஜெண்டு தியாகராசன்.

முதல் குடிசை கண்ணுசாமியுடையது. “வீடு யாருது?” என்றார் ஆபீசர். கண்ணுசாமி ஏஜெண்டைப் பார்த்தான். “பண்ணை மனைங்க” என்றான். குமாஸ்தா எழுதினான். ஒரு வார்த்தை. அப்பனும் பாட்டனும் இருந்த மனை அந்த ஒரு வார்த்தையில் போயிற்று. ஓரமாக நின்ற இராஜாங்கம் தலையில் அடித்துக்கொண்டான். அடுத்த வீட்டில் ராமாயி, “ராமாயிங்க, இது என் வீடுங்க” என்று சொல்லிவிட்டு, சொன்ன பயத்தில் உள்ளே ஓடிக் கதவுத் தட்டியைச் சாத்திக்கொண்டாள். மூன்றாவது பொன்னுத்தாயின் குடிசை.

இளையபெருமாள் வாசலில் முன்னால் நின்றார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அந்தத் தெருவில் அன்றைக்கு அவர் ஒருத்தர்தான் சட்டை போட்டிருந்தார். ஆபீசர் வருகிறவரை மிடுக்காகத்தான் நின்றார். ஏஜெண்டின் செருப்புச் சத்தம் கேட்டதும் தோளில் கிடந்த துண்டு தானாக இடுப்புக்கு இறங்கியது. கை தானாகக் கட்டிக்கொண்டது. மானேஜரையே நாற்காலி போட வைத்த கதையெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. சாணிப்பால் குடித்த பையன்தான் அங்கே நின்றான்.

“இந்த வீட்ல குடியிருக்கறது யாரு?”

இளையபெருமாள் தரையைப் பார்த்தார். பொன்னுத்தாய் அண்ணனுக்குப் பின்னால் நின்றாள். பெயர் அவள் தொண்டைவரை வந்தது. அண்ணன் நிற்கும்போது முந்திக்கொண்டு எப்படிச் சொல்வது? அவள் பெயரைச் சொல்லி யாரும் அவளைக் கூலிக்குக்கூடக் கூப்பிட்டதில்லை. துரைக்கண்ணு பொண்டாட்டி. அவன் செத்த பிறகும் துரைக்கண்ணு பொண்டாட்டிதான்.

“ஆளு இருக்கா, இல்லையா? இல்லேன்னு எழுதிக்கச் சொல்லவா?”

குமாஸ்தாவின் பேனா அட்டையில் இறங்கியது.

“காளியம்மா! இருக்கேன்!”

தெருவே திடுக்கிட்டது. இளையபெருமாளுக்கும் பொன்னுத்தாய்க்கும் நடுவிலிருந்து, கையை உயரத் தூக்கி, வயலுக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரிக் கத்தியிருந்தாள் காளியம்மாள். யாரோ சிரித்தார்கள். ஆபீசரும் சிரித்தார். “ஒருத்தராவது சத்தமாச் சொன்னீங்களே” என்றார். குமாஸ்தா எழுதினான்: காளியம்மாள், கணவர் இளையபெருமாள். அவர்கள் அடுத்த குடிசைக்கு நகர்ந்தார்கள். ஏஜெண்டு தியாகராசன் மட்டும் ஒரு நிமிஷம் பின்தங்கி நின்று, காளியம்மாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “கப்பல்ல வந்ததுதானே நீ?” என்று கேட்டுப் புன்னகைத்துக்கொண்டு போனார்.

ஜீப் போனதும் பொன்னுத்தாய் பாய்ந்தாள்.

“யாரு வீட்டுக்கு யாருடி பேரு சொல்றது? நேத்து வந்தவ! ஒரு கூடை மண்ணு சுமந்திருப்பியா இந்தச் சொவத்துக்கு?”

“நான் வேணும்னு சொல்லல பொன்னு.”

“வேணும்னு சொல்லாமத்தான் கையத் தூக்கிக்கிட்டுக் கத்தினியா?”

“ஐயோ, கேளேன்!” காளியம்மாளின் முகம் வெளுத்துக் கிடந்தது. “தோட்டத்துல விடியுமுன்ன பெரட்டு. எல்லாரும் வரிசையா நிக்கணும். கணக்கெழுதற கிராணி பேரு படிப்பான். படிச்ச ஒடனே கொரல் குடுக்கலேன்னா பேரை அடிச்சுடுவான். அன்னைக்கு வேலை இல்ல, சம்பளம் இல்ல. கொமரியா இருக்கறப்ப நிக்க ஆரம்பிச்சவ. ஆளு இல்லேன்னு எழுதவான்னு அந்த ஆளு பேனாவ எறக்கினான் பாரு, எனக்கு வேற ஒன்னும் தெரியல. நாக்கு அதுவாப் பேசிடுச்சு.”

“பேரு எழுதினா எழுதினதுதான். நல்லதுன்னு நெனச்சுக்க” என்றார் இளையபெருமாள். அவருக்குக் குரல் திரும்பியிருந்தது. “எப்படியும் நம்ம வீட்டுப் பேருதானே?”

“அண்ணே, நீங்க பேசாதீங்க” என்றாள் பொன்னுத்தாய். அப்படி அவரிடம் அவள் பேசினது அதுதான் முதல் தடவை.

இராஜாங்கம் வந்து இன்னும் மோசமானதைச் சொன்னான். ஏஜெண்டு சிரித்தது சும்மா இல்லை. ஆனி மாசம் இந்தப் பொம்பளை மலாயாவில் இருந்தாள், பண்ணை மனையில் குடியிருந்ததாகப் பொய் சொல்லியிருக்கிறாள் என்று ஆட்சேபணை எழுதிக் கொடுப்பார்கள். அது உண்மை என்று ஆகிவிட்டால், இந்த வீட்டில் அன்றைக்கு யாருமே சொந்தம் கொண்டாடவில்லை என்று முடித்துவிடுவார்கள். அப்படியே நடந்தது. மாசி பிறந்ததும் மன்னார்குடிக்கு விசாரணைக்கு வரச் சொல்லிச் சேதி வந்தது.

இளையபெருமாள் வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். காளியம்மாள் வைகாசியிலேயே வந்துவிட்டாள், தான்தான் பின்னால் ஐப்பசியில் வந்தது என்று சொல்ல வேண்டும். பாஸ்போர்ட்டைக் கேட்டால் மழையில் நனைந்து போயிற்று என்று சொல்ல வேண்டும். பொன்னுத்தாயும் ஆமாம் போட வேண்டும். “நாலு வார்த்தை. வீடு தப்பிக்கும்” என்றார்.

கூத்தாநல்லூர் போய் பஸ் பிடிக்க வேண்டும். வாய்க்கால் கரையில் அவர் முன்னால் நடந்தார். பெண்கள் இரண்டு பேரும் பின்னால் வந்தார்கள். அறுத்த வயலில் உளுந்து தலைகாட்டியிருந்தது. அந்தத் தகராறுக்குப் பிறகு இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. கரை திரும்புகிற இடத்தில் காளியம்மாள்தான் ஆரம்பித்தாள்.

“கூத்தாநல்லூர்ல மெஹராஜ் பேகம்னு ஒரு அம்மா இருக்காங்கல்ல, பினாங்குல அவங்க வீட்டுக்காரரு கடை வச்சிருக்காரு. எம் மவளுக்குச் சேதி சொல்லிவிடலாம்னு போயிருந்தேன். பெரிய வீடு. ரெண்டு தேசத்துலயும் வீடு. எந்தத் தேசம் நல்ல தேசம்னு அந்தம்மா கேக்கவே இல்ல. அவங்களுக்கு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு.”

“நமக்கு?”

“அங்க பசி இல்ல பொன்னு. பொய் சொல்லக் கூடாது, வயித்துக்குக் குறையில்ல. ஆனா லயத்துக் கதவுல நம்பர்தான் இருக்கும். வேலை போன அன்னைக்குப் போன்னா போகணும்.”

“இங்க பசி இருக்கு” என்றாள் பொன்னுத்தாய். “போன்னா இங்கயும் போகணும்.”

கொஞ்ச தூரம் சும்மா நடந்தார்கள்.

“ஒன்னு கேக்கறேன், மறைக்காம சொல்லு. ஒங்கண்ணன் சொல்ற மாதிரிச் சொன்னா வீடு எம் பேருல நிக்கும். உள்ளதைச் சொன்னா?”

“தெரியல அண்ணி. ஒனக்கும் இல்ல எனக்கும் இல்லேன்னு ஆனாலும் ஆயிடும்.”

“உள்ளதைத்தான் சொல்லப் போறேன்.”

பொன்னுத்தாய் நின்றுவிட்டாள்.

“பொறந்த மண்ணுல நின்னுக்கிட்டு இருந்தேன், நீ இங்க பொறக்கலேன்னு ஒருத்தன் சொன்னான். எழுதி முத்திரையும் போட்டான். அதையே நான் ஒனக்குச் சொல்லணுமா? இந்த வீட்ல நீ இல்லேன்னு?” காளியம்மாள் மூக்கைச் சிந்திச் சேலையில் துடைத்தாள். “ஆனா நானும் சும்மா விட மாட்டேன். எனக்குன்னு இந்த ஒலகத்துல குந்த ஒரு அடி கெடையாது. மனை ஒம் பேருக்கு ஆச்சுன்னா பாதி எனக்குக் குடு. எரக்கப்பட்டுக் குடுக்காத. பாதின்னு குடு. நடுவுல சொவரு வச்சு.”

“தரேன்.”

“அடிச்சுச் சொல்லு.”

பொன்னுத்தாய் அவள் உள்ளங்கையில் ஓங்கி அடித்தாள். முன்னால் போன இளையபெருமாள் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்து, “பஸ்ஸு போயிடும், என்னா வெளையாட்டு?” என்று அதட்டினார்.

மன்னார்குடியில் அதே ஆபீசர். மேஜைக்கு அந்தப் பக்கம் பண்ணை வக்கீலும் ஏஜெண்டும். காளியம்மாளைத்தான் முதலில் கேட்டார்கள்.

“ஆனி மாசம் எங்கம்மா இருந்தே?”

“கெடாவுல. மரம் சீவிக்கிட்டு இருந்தேன்.”

இளையபெருமாள், “அவளுக்கு மாசம் தெரியாதுங்க” என்று முன்னால் வந்தார்.

“எனக்கு மாசம் தெரியும். ஐப்பசி மழையில வந்தேன். அன்னைக்கு இந்த வீட்ல இருந்தது நான் இல்ல, இவரும் இல்ல. இவதான். எப்பவும் இவதான் இருந்தா. நான் வாய் தவறிப் பேரு சொல்லிட்டேன். அடிச்சுடுங்க என் பேரை.”

ஏஜெண்டு தியாகராசன் எழுந்தார். “அதத்தாங்க நாங்களும் சொல்றோம். இந்தத் துரைக்கண்ணு பொண்டாட்டி பண்ணை வைக்கப்போருக்குக் காவலா இருந்தவ. வீடுன்னு யாரும் கேக்கல. அவளையே கேளுங்க.” பிறகு பொன்னுத்தாய் பக்கம் திரும்பி, மெதுவாக, பழைய பிரியத்தோடு, “சொல்லு ஆயி, யாரு மனை அது?” என்றார்.

பொன்னுத்தாய் முந்தானையை இழுத்துச் செருகினாள். பண்ணை மனைங்க. அந்த வார்த்தை பல்லுக்குப் பின்னால் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் பங்குனியில் உளுந்து பறிக்கக் கூப்பிடுவார்கள், கோடையில் வரப்பு வெட்டக் கூப்பிடுவார்கள். சொல்லாவிட்டால் இந்த உடம்பை வைத்துக்கொண்டு எந்த ஊரில் போய்க் குனிவது? அவள் ஆபீசரைப் பார்க்கவில்லை. ஏஜெண்டைப் பார்க்கவில்லை. பெயர் அடிக்கப்பட்டு ஒதுங்கி நின்ற அண்ணியின் கையைப் பார்த்தாள். பிறகு, அவளே எதிர்பார்க்காத சத்தத்தில், “பொன்னுத்தாய்!” என்றாள். “இருக்கேன். அது என் வீடு. எப்பவும் நான்தான் இருந்தேன்.”

“கத்தாதம்மா, கேக்குது” என்றார் ஆபீசர். எழுதிக்கொண்டார்.

ஆடி மாசம் மூன்று சென்ட் மனை பொன்னுத்தாய் பெயருக்கு வந்தது. வருகிறதற்கு முன்பே வேலை போய்விட்டது. பண்ணை சொன்னபடி லாரியில் ஆள் கொண்டு வந்து இறக்கியது. அவள் விடிகாலையில் எழுந்து மூன்று ஊர் தாண்டி, முகம் தெரியாதவர்களின் வயலில் நாற்றுப் பறிக்கப் போனாள். கண்ணுசாமி பண்ணையிலேயே வேலை செய்தான். மனை இல்லாதவனுக்குப் பண்ணையில் வேலை இருந்தது.

இளையபெருமாள் மன்னார்குடியிலிருந்து திரும்பிய நாளிலிருந்து தங்கச்சியிடம் பேசவில்லை. பெஞ்சாதி சபையில் தன்னைப் பொய்யனாக்கிவிட்டாள், தங்கச்சி பேரில் இருக்கிற வீட்டில் ஆம்பளை எப்படிப் படுப்பான் என்று ராமாயியிடம் மட்டும் சொன்னார். “மலாயாவுல யாரு பேருல இருந்த வீட்டுல படுத்தீங்க?” என்று ராமாயி கேட்டாள். ஆவணியில் அவர் கூத்தாநல்லூருக்குப் போய், வெண்ணாற்றங்கரைப் புறம்போக்கில் நாலு மூங்கிலை நட்டுக் கூரை போட்டார். காளியம்மாள் தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு கூடப் போனாள். போகிற அன்றைக்கு வாசலில் நின்று, மனையை ஒரு தடவை கண்ணால் அளந்தாள்.

“எந்தப் பக்கம் பொன்னு? வாசப் பக்கமா, கொல்லைப் பக்கமா?”

“மழை முடியட்டும் அண்ணி. கயிறு புடிச்சு அளந்துடலாம்.”

மழை முடிந்தது. பொன்னுத்தாய் ஒருநாள் காலடி வைத்து அளந்தும் பார்த்தாள். குடிசை சரியாக நடுவில் நின்றது. பாதி என்றால் சுவரை இடித்தாக வேண்டும். அல்லது முருங்கையும் அடுப்படியும் போக வேண்டும். அளந்த இடத்தில் ஒரு குச்சியைக் கூட நட அவளுக்குக் கை வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, வாசலில் நின்று யாருக்கும் பயப்படாமல் எச்சில் துப்புகிற தரை அது. தாலுக்கா ஆபீசில் குமாஸ்தாவைக் கேட்டபோது, இந்த மனையைக் கொஞ்ச வருஷத்துக்கு யாருக்கும் மாற்றி எழுதக் கூடாது என்றான். கேட்டதும் அவளுக்கு நெஞ்சு லேசாயிற்று. அப்படி லேசானது ஏன் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தாள். எழுதக் கூடாது என்றுதான் சட்டம். ஒரு சுவரை எழுப்பி, இந்தப் பக்கம் வந்து இரு என்று சொல்வதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை.

காளியம்மாள் மெஹராஜ் பேகம் வீட்டில் பாத்திரம் கழுவுகிறாள். சந்தையில் ராமாயி அவளைப் பார்த்து, “இப்பச் சொல்லு மலாயாக்காரி, எந்த ஊரு தேவலாம்?” என்று வம்புக்கு இழுத்தாளாம். “ரெண்டு ஊர்லயும் எனக்கு வாசப்படி இல்ல, எதை வச்சுடி சொல்றது?” என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாளாம். ராமாயி வந்து இதைச் சொன்னபோது பொன்னுத்தாய் கூரைக்குக் கீற்று முடைந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

அடுத்த வருஷம் பெய்த மழையில் வெண்ணாறு கரை வழிய ஓடியது. புறம்போக்குக் குடிசைகளுக்குள் தண்ணீர் ஏறியது. காளியம்மாள் வந்து கேட்கவில்லை. பொன்னுத்தாயும் போய்க் கூப்பிடவில்லை.

அடித்துச் சொன்ன பாதி மனை, ஒன்றரை சென்ட், பொன்னுத்தாய் காளியம்மாளுக்கு இன்னும் கொடுக்க வேண்டும்.